அடுப்புக்குக் காவல்

வடகோடிக் குளிர் நாட்டில், வில்யூய் ஆற்றங்கரையில், இலையுதிர்கால வாத்து வேட்டை முடிவதற்குள் எல்லார் தோட்டமும் பனியில் கருகிவிடும். ஒக்தோவின் கண்ணாடிக் கொட்டகை மட்டும் பச்சையாக நிற்கும். மூடிப்போன பள்ளிக்கூடத்தின் பழைய ஜன்னல்களைச் சுமந்து வந்து அவளே அடித்து நிறுத்திய கொட்டகை அது. உள்ளே சாண எரு நிரப்பிய பாத்திகள். நடுவில் டீசல் பீப்பாயை அறுத்துச் செய்த அடுப்பு. வெளியே கணுக்கால் வரை பனி விழுந்த பிறகும் அவளுடைய வெள்ளரிக் கொடி பூத்துக்கொண்டிருக்கும், தக்காளி அவசரமில்லாமல் சிவக்கும். அதற்காக அவள் ராத்திரிகளில் எழுந்து எழுந்து போய் விறகு போட்டாள்.

அவள் புருஷன் பஹிலாய் டிராக்டர் ஓட்டுகிறவன், முரட்டுக் கைகாரன். கொட்டகையைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. "இலையும் தழையும் மாடு திங்கிறது. நான் என்ன மாடா? கறி கொண்டு வாடி" என்று தட்டைத் தள்ளுவான். குடித்த நாட்களில் தள்ளுவது தட்டோடு நிற்காது. ஒரு வருஷம் நாற்று முளைத்திருந்த சமயத்தில் மண்வெட்டியோடு போய்க் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உடைத்தான். அவளைப் பக்கத்தில் நிற்க வைத்து, "பாரு, கண்ண மூடாத" என்று சொல்லிச் சொல்லி உடைத்தான். மறுநாள் அவள் கையில் கட்டோடு வீடு வீடாகப் போய் வேறு ஜன்னல்கள் கேட்டாள். கொடுத்தார்கள். கையில் என்ன கட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு கோடையில், புல் அறுத்துக்கொண்டிருக்கும்போது, பஹிலாய் டிராக்டர் மேலேயே சாய்ந்தான். பக்கவாதம். வலது பக்கம் செத்துவிட்டது, வாய் கோணிக்கொண்டது, பேச்சு அரைகுறையாகத்தான் வந்தது. நகரத்தில் ஆதரவில்லாதவர்கள் விடுதி இருக்கிறது, சேர்த்துவிடலாம் என்றார் டாக்டர்.

"என் புருஷன நான் பாத்துக்குவேன்" என்றாள் ஒக்தோ. ஊரே அவளை மெச்சியது.

முதல் பனி விழுந்த அன்று அவனைச் சறுக்குவண்டியில் வைத்துக் கொட்டகைக்கு இழுத்துப் போனாள். அடுப்போரமாக நாற்காலியில் உட்கார வைத்து, சரிந்து விழாமலிருக்க இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டினாள். இடது கைக்கு எட்டும்படி விறகை அடுக்கினாள்.

"இந்தக் கை நல்லாத்தானே இருக்கு? என்னை அடிச்ச கைதான். ராத்திரி பூரா அடுப்ப பாத்துக்க. திங்கிறதுக்கு வேலை செய்."

அன்றிலிருந்து அவள் வீட்டில் நிம்மதியாகத் தூங்கினாள். விடிந்ததும் கொட்டகைக்குள் வந்து முதலில் இலைகளைத் தடவிப் பார்ப்பாள். வாடாமல் இருந்தால் அவனுக்குத் தேநீரும் மீனும் உண்டு. ஓரத்தில் ஒரு கொடி துவண்டிருந்தாலும் அன்று வெள்ளரிக்காய்தான். தோலோடு நசுக்கி ஊட்டுவாள். அவன் துப்புவான். தாடையில் வழிவதைத் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டுவாள். பிறகு அவனுக்கு எதிரே உட்கார்ந்து குதிரைக் கறியைக் கத்தியால் அறுத்து அறுத்து நிதானமாகத் தின்பாள்.

பக்கத்து வீட்டு ஆனிஸ் ஒருநாள் வெள்ளரிக்காய் கேட்டு வந்தவள் இதைப் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா இது! நோயாளிய கட்டிப் போட்டு... பாவமில்லையா?"

"பாவம்தான். உன் வீட்டு வழியா என்னை முடிய புடிச்சி பனியில இழுத்துட்டுப் போனானே, அன்னைக்கு நீ ஜன்னல் திரைய இழுத்து விட்டியே, அது என்னடி?"

ஆனிஸ் கூடையை நீட்டினாள். ஒக்தோ நல்ல பிஞ்சுகளாகப் பறித்து அவள் கூடையில் போட்டாள். கூடை நிறைந்ததும் ஆனிஸ், "என் பையன் கல்யாணத்துக்கு உன் தக்காளிய நம்பித்தான் இருக்கேன்க்கா. சிவந்துருமா?" என்று கேட்டாள்.

"சிவந்துரும். ராத்திரிக் காவலுக்குத்தான் ஆள் இருக்கே!"

பஹிலாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காற்று நின்றுவிட்டது. வானம் சுத்தமாகத் துலங்கியது. அப்படித் துலங்கினால் கடுங்குளிர் இறங்கும் என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் இரண்டு பங்கு விறகு வைத்தாள். அவன் மேல் இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டுப் போனாள்.

காலையில் கூடையோடு வந்தவள் கதவைத் தொட்டதுமே புரிந்துகொண்டாள். கைப்பிடியில் விரல் ஒட்டியது. உள்ளே கண்ணாடி முழுக்கப் பனி பூத்திருந்தது. கொடிகள் ஈரத் துணிபோலக் கறுத்துத் தொங்கின. சிவந்த தக்காளிகள் கல்லாக உறைந்திருந்தன. விறகு அடுக்கு வைத்தபடியே இருந்தது. அவன் கம்பளியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தான், புருவத்தில் பனித்தூள். செத்துவிட்டானோ என்று குனிந்தாள். வாயின் நல்ல பாதி சிரித்தது.

"மாடே... இனி... என்னத்த... திம்ப?"

அவள் கூடையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். நேராக ஆனிஸ் வீட்டுக்குப் போனாள். அங்கே கல்யாணப் பலகாரம் பொரிந்துகொண்டிருந்தது.

"தக்காளி எங்கேக்கா?"

"தேநீர் ஊத்து."

குடித்தாள். இன்னொரு கோப்பை வாங்கிக் குடித்தாள். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும், தானாகவே முடிந்துவிடும். யாரும் அவளைக் குற்றம் சொல்லமாட்டார்கள். விடுதிக்கு அனுப்பாமல் பார்த்துக்கொண்டவள் அல்லவா. மூன்றாவது கோப்பையை ஆனிஸ் நீட்டியபோதுதான் அவளுக்கு அந்த அரைச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. இப்போது செத்தால் அவன் ஜெயித்துவிட்டுச் சாவான்.

"எழுந்திரிடி. சறுக்குவண்டிய புடி."

உயிரோடுதான் இருந்தான். இடது கை விரல்கள்தான் குளிரில் உறைந்து மெழுகாகிவிட்டிருந்தன. ஆஸ்பத்திரியில் கட்டைவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவிட்டார்கள்.

உறைந்த தக்காளியை அவள் வீணாக்கவில்லை. உப்பில் ஊறப்போட்டு, அந்தக் குளிர்காலம் முழுக்க அவனுக்கே ஊட்டினாள். "நீ விளைய வச்சது, நல்லா தின்னு" என்பாள். துப்புகிற தெம்பும் அவனுக்குப் போய்விட்டது. வீட்டில் அவன் கட்டிலைக் கொட்டகை தெரியும் ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தாள். வசந்தத்தில் அவள் நாற்று விட்டதும், இலையுதிர்காலத்தில் கொட்டகைப் புகைபோக்கி புகைந்ததும் அவன் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. ராத்திரி விறகு போட மறுபடியும் அவளே எழுந்தாள். எழுந்து போகிறபோது ஒரு தடவை கட்டிலருகே நின்று அவன் விழித்திருக்கிறானா என்று பார்ப்பாள். அநேகமாக விழித்துத்தான் இருப்பான்.

இப்படியே வருஷங்கள் ஓடின. கல்யாணமாகி வருகிற பெண்களிடம், "புருஷனப் பாத்துக்கிறதுன்னா ஒக்தோவப் பாத்துக் கத்துக்கணும்" என்று ஊர்க் கிழவிகள் சொன்னார்கள். ஆனிஸும் கூடச் சேர்ந்து தலையாட்டினாள்.

ஒரு வசந்தத்தில், ஆற்றில் பனிக்கட்டி உடைந்து ஓடிய சமயம் பஹிலாய் செத்தான். ஒக்தோ அழுத அழுகையை யாரும் எதிர்பார்க்கவில்லை. சவப்பெட்டியை மூடவிடாமல் அவன் சட்டையைப் பிடித்து, "எந்திரிடா, எந்திரி" என்று உலுக்கினாள். நான்கு பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள்.

அந்த வருஷமும் வெள்ளரியும் தக்காளியும் நட்டாள். முதல் பனி விழுந்தது. கொட்டகை அடுப்பு மூட்டப்படவில்லை. ஆனிஸ் கூடையோடு வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் ஓடிவந்தாள்.

"என்னக்கா, எல்லாம் கருகிக் கெடக்கு! விறகு இல்லையா? சொல்லியிருந்தா என் பையன அனுப்பியிருப்பேனே!"

ஒக்தோ பஹிலாய் கிடந்த கட்டிலில் ஜன்னலுக்கு முதுகு காட்டிப் படுத்திருந்தாள்.

"விறகு நெறைய கெடக்குடி. வேணும்னா எடுத்துட்டுப் போ."

ஆனிஸ் கொஞ்சம் தயங்கி நின்றாள். பிறகு வெளியே போய்க் கூடை நிறைய விறகை அடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.