வேண்டுதல் முடி

என் மகளுக்கு நாலு வயதாகியும் முதல் மொட்டை போடவில்லை. என் லீவுக்காகக் காத்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வீடியோ காலில் அவள் முடி இடுப்பைத் தொட்டதைப் பார்த்து ரசிக்கக்கூடச் செய்தேன். என்ன புத்தியோ.

நான் ராணுவத்தில் நர்சிங் அதிகாரி. அவளுக்கு ஒன்றரை வயதாகும்போது என்னை எல்லையோர மலை ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே குடும்பத்தை வைத்துக்கொள்ள அனுமதியில்லை. அண்ணாமலையார் கோயிலுக்குப் பக்கத்தில், வேங்கிக்காலில் என் மாமியார் வீட்டில் அவளை விட்டுவிட்டுப் போனேன். இந்த வருடம் குடும்பத்தோடு இருக்கிற மாதிரி குவார்ட்டர்ஸ் உள்ள ஊருக்கு மாற்றல் கிடைத்தது. அவளைக் கையோடு கூட்டிப்போகத்தான் வந்தேன். வேறு எதற்கும் அந்த வீட்டுப் படி ஏறியிருக்க மாட்டேன்.

வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் ஓடி வரவில்லை. இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு, "இன்னிக்கே மொட்டையா?" என்று கேட்டாள். பயந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நான் வந்தால் மொட்டை என்று பூச்சாண்டி காட்டி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தலை வாரிவிட உட்கார்ந்தபோது அதைவிடப் பெரிய கோபம் வந்தது. பேன் புழுத்துக் கிடந்தது. பின்கழுத்துக்கு மேலே சொறிந்து சொறிந்து கொப்புளம் உடைந்து, சீழ் கட்டி, முடி அதில் ஒட்டிக் காய்ந்திருந்தது. மேலே மஞ்சளைக் குழைத்துப் பூசியிருந்தார்கள். பனியில் கறுத்துப்போன விரல்களுக்குக் கட்டுப் போட்டுப் பழகியவள் நான். கத்தரிக்கோலை எடுத்தேன். மாமியார் அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்தார்.

"கத்திரிய கீழ வை. அது வேண்டிக்கினு விட்ட முடி."

"புண்ணுல சீழ் வெச்சிருக்குங்க அத்தை. முடிய எடுத்தாதான் மருந்து போட முடியும்."

"நீ வேலைய விட்டுட்டு வீட்டோட வந்தா முடி எறக்குறேன்னு அண்ணாமலையாருகிட்ட வேண்டிக்கினு இருக்கேன். அதுவரைக்கும் ஒரு மயிரைக்கூட தொடக்கூடாது."

என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் வேலையை என் குழந்தையின் தலையில் முடிந்து வைத்திருக்கிறார். அதற்கு சாமியையும் கூட்டு சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

"கண்டவன் புண்ணையெல்லாம் தொடச்சிக்கினு இருக்கே. பெத்த புள்ளைக்குத் தலை வார நேரமில்ல," என்றார்.

"பெத்த புள்ளைக்குச் சீழ் புடிச்சிருக்கு. அதைப் பாக்க இந்த வீட்ல இத்தனை பேர்ல ஒருத்தருக்கும் கண்ணு இல்லியே."

"நீ வேலைய விடு. நாளைக்கே மொட்டை போட்டுடலாம்."

"விட மாட்டேன். நான் கூட்டிக்கினு போறேன் அவளை."

"முடி எறக்காம இந்த வாசலைத் தாண்டினா சாமி குத்தம். நான் விடமாட்டேன்."

என் கணவர் ஏதோ அரசு அலுவலகத்தில் ஃபைல் பார்க்கிறவர். அன்றைக்கு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "அம்மா மனசு கஷ்டப்படுது. கொஞ்சம் அனுசரிச்சுப் போ," என்றார். அனுசரித்துப் போவதைப் பற்றி அந்த வீட்டில் ஆண்கள்தான் பேசுவார்கள். குழந்தைக்கு ஊட்டக் கையில் வைத்திருந்த தட்டை அவர் முகத்தில் விட்டெறிய வேண்டும் போலிருந்தது. குழந்தை பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதால் கீழே வைத்தேன்.

மறுநாள் காலையில் மாமியார் பால் வாங்கப் போன நேரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினேன். பௌர்ணமி முடிந்த மறுநாள். கிரிவலம் வந்தவர்கள் பாதிப் பேர் இன்னும் ஊரைவிட்டுக் கிளம்பவில்லை. ஆட்டோ நகர்ந்து நகர்ந்துதான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. வழி முழுக்க நான் மனசுக்குள் மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டே போனேன். எல்லாச் சண்டையிலும் நான்தான் ஜெயித்தேன்.

முடி இறக்குகிற இடத்தில், பிளேடோடு உட்கார்ந்திருந்தவர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"மொத மொட்டைங்களா? மாமன் மடியில உக்கார வெக்கணுமே. யாரும் வரலியாம்மா?"

"எனக்கு அண்ணன் தம்பி இல்லைங்க. என் மடியிலயே எடுங்க."

பிளேடைப் புதிதாக மாற்றச் சொன்னேன். புண் இருந்த பக்கம் அவரைத் தொடவிடவில்லை. ஒட்டியிருந்த முடியைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, என் கத்தரிக்கோலால் நானே எடுத்தேன். பக்கத்தில் எல்லாக் குழந்தைகளும் வீறிட்டுக்கொண்டிருந்தன. இவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் சேலையைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். புண்ணில் தண்ணீர் பட்டபோதுகூட அழவில்லை. "தைரியமான பொண்ணும்மா," என்றார் அவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பெண்ணல்லவா என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்து போட்டு, புண்ணை விட்டு மற்ற இடத்தில் சந்தனம் தடவினேன். அவள் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நான் வந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

"முடி போயிடுச்சு இல்ல? இனிமே நீ வேலைக்குப் போ மாட்டே இல்ல?"

எனக்குப் புரிய நேரமானது. ஒவ்வொரு நாளும் தலை வாரும்போது, அவள் ஆயா என்று கூப்பிடும் என் மாமியார் சொல்லிச் சொல்லி, அவள் அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாள். அம்மா வேலையை விட்டால் மொட்டை என்பது அவளுக்கு, மொட்டை போட்டால் அம்மா வேலையை விட்டுவிடுவாள் என்று ஆகியிருக்கிறது. வாசலில் தலைமேல் கை வைத்துக் கேட்டது பயத்தில் இல்லை. அத்தனை மாதமும் அவள் மொட்டைக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

பொய் சொல்லியிருக்கலாம். மாமியார் என்றால் கூசாமல் சொல்லியிருப்பார்.

"போவேன்டா. ஆனா இந்த வாட்டி நீயும் என்கூட வரப்போறே."

"ஆயா?"

"ஆயா இங்கதான் இருப்பாங்க."

சிரிப்பு நின்றது. என் மடியிலிருந்து இறங்கினாள். தரையில் கிடந்த முடியைக் காட்டினாள்.

"அப்போ என் முடியைக் குடு."

"அது சாமிக்குக் குடுத்தாச்சுடா."

"பொய்க்காரி. என் முடியைக் குடு."

சின்னக் கை இரண்டாலும் என் வயிற்றிலும் மடியிலும் மாறி மாறி அடித்தாள். அடிக்கட்டும் என்று விட்டேன். இரண்டு நாள் கழித்து ரயில் ஏறியபோது மாமியார் ஸ்டேஷனுக்கு வரவில்லை, கணவர் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு இறங்கிக்கொண்டார். அவள் என்னோடுதான் வந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி, தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புண்ணுக்கு மருந்து போட வேண்டும், தொப்பியைக் கழற்று என்று கேட்டேன்.

"நீ தொடாதே. நர்ஸைக் கூப்பிடு," என்றாள்.