ஒன்று பத்தொன்பதுக்கு ஊதிய சங்கு

எங்கள் கடைக் கம்ப்யூட்டர் நாற்பத்தியோரு நிமிடம் முன்னால் ஓடுகிறது என்பதை எனக்குச் சொன்னவர், வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்த ஒரு பெரியவர். ஒப்புகைச் சீட்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, மணி பத்தேகால்கூட ஆவல. இதுல பதினொண்ணு ஆவப்போவுதுன்னு போட்டுகீது?" என்றார். போனைப் பார்த்தேன். பத்து பதிமூன்று. திரையில் பத்து ஐம்பத்து நான்கு.

வேறொரு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுச் சரிசெய்திருப்பேன். அன்று என் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி ஒரு நாள்கூட ஆகவில்லை. அவள் இருமுவது உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. "இதுக்கும் இப்பதான் கேடு வரணுமா" என்று மேஜையை ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். பெரியவர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

எர்ணாவூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் கடை. விண்ணப்பம் போடுவது, ஸ்கேன் எடுப்பது, ஆதாரில் முகவரி மாற்றுவது. இரண்டு கம்ப்யூட்டர்கள், இரண்டும் ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துக்கட்டியவை. அவற்றில் வேறெதுவும் ஓடாது என்பதால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டேன். ஒன்று சர்வர்: ஃபைல்களும் பிரிண்டரும் அதன் பொறுப்பு. கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்து இருபது வருடம் கழித்து, கறுப்புத் திரையில் ஒவ்வொரு கட்டளையாக நானே தட்டிக் கற்றுக்கொண்டேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அதனால் வந்ததுதான் எல்லாமும்.

கடல் காற்றில் இங்கே எதுவும் தாங்காது. கம்ப்யூட்டருக்குள் மணி காட்டும் கடிகாரத்துக்கென்று ஒரு பொத்தான் பேட்டரி உண்டு. அது உட்காரும் இடம் பச்சை பூத்து அரித்துவிட்டது. கரண்ட் போய் வந்தால் சர்வர் எப்போதோ போன ஒரு ஜனவரி ஒன்றாம் தேதியில் கண்விழிக்கும். தேதி தப்பாக இருந்தால் அரசாங்க இணையதளம் திறக்காது. இணையத்திலிருந்து தானே நேரம் எடுத்துக்கொள்ளும் வசதி லினக்ஸில் இருக்கிறது. ஆனால் கரண்ட் வந்தபிறகு எங்கள் தெருவுக்கு இணையம் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். நானே கையால் நேரத்தை மாற்றப் போனால், தானியங்கி இயங்குகிறது, மாற்ற முடியாது என்று மறுத்தது. உடனே தானியங்கியை நிறுத்தினேன். அதன்பிறகு நான் சொன்ன நேரம்தான் அதற்கு நேரம்.

நான் எதைப் பார்த்து நேரம் சொன்னேன்? ரசாயன ஆலைச் சங்கை. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் அதுதான் கடிகாரம். காலையில் ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. ஷிப்ட் மாறும்போது ஊதும். அந்தச் சங்குக்கு உலை வைப்பவர்கள் உண்டு, கடையைப் பூட்டுகிறவர்கள் உண்டு. நான் கட்டளையை முன்னாலேயே தட்டி வைத்துக்கொண்டு, என்டர் மேல் விரலை வைத்துக் காத்திருப்பேன். சங்கு ஊதியதும் அழுத்துவேன்.

மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்த அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் காத்திருந்தேன். பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. போன் செத்துக் கிடந்தது. கரண்ட் வந்ததும் அதைச் சார்ஜில் போட்டுவிட்டு, சர்வரில் பதினான்கு, பூஜ்யம், பூஜ்யம் என்று தட்டிவைத்தேன். சங்கு ஊதியது. அழுத்தினேன்.

பரீட்சை நாள் என்பதால் மகளுக்கு அரைநாள் பள்ளிதான். ஒன்றரைக்கெல்லாம் வீட்டில் இருப்பாள். இரண்டு மணி ஆகிவிட்டதென்றால் அவள் ஏன் வரவில்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மூக்கைக் குத்தும் நாற்றம் ஒன்று வந்தது. எங்களுக்கு நாற்றம் புதிதா? எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஷேர் ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. பஸ் ஸ்டாப்பில் மீன் விற்கும் அக்கா உள்ளிருந்தபடியே கத்தினார்: "யம்மா! உம் பொண்ணு ரோட்டுல வுய்ந்துட்சு! ஏறு வண்டில!" என் மகள் அவர் மடியில் கிடந்தாள். மீன்கூடை மேல் போடும் ஈரச் சாக்கை அவள் முகத்தில் போர்த்தியிருந்தார். "இத எடுக்காத. இத்த போட்டப்பறம்தான் மூச்சு வுடுது" என்றார். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஏறினேன். சர்வர் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார். "என்ன வாயுன்னு தெரிஞ்சுதாம்மா? அது தெரிஞ்சா நுரையீரலை எப்படிக் கவனிக்கணும்னு முடிவு பண்ணலாம்." ஆலையில் கேட்டால், வாயுவே கசியவில்லை என்றார்கள். அபாயச் சங்கு எதுவும் ஊதவில்லை, இரண்டு மணிக்கு ஷிப்ட் சங்குதான் ஊதியது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் மகளைப் போலவே அன்று ரோட்டில் விழுந்த ஏழெட்டுப் பள்ளிப் பிள்ளைகளும் பரீட்சை பயத்தில் சாப்பிடாமல் வந்தவர்களாம். என் மகள் அன்று நான்கு இட்லி சாப்பிட்டாள். நான்தான் வைத்தேன். விசாரிக்க வந்த அதிகாரி, "சங்கு எப்ப ஊதுச்சுன்னு ஆளுக்கொரு நேரம் சொல்றீங்களே" என்று பேனாவை மூடிவிட்டுப் போனார். திங்கட்கிழமை ஒரு கூட்டம், அதோடு முடித்துவிடுவார்கள் என்று பேச்சு.

பெரியவர் காட்டிய நாற்பத்தியோரு நிமிடத்துக்கு வருகிறேன். முதலில் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். ஆனால் பேட்டரி போனால் ஜனவரி ஒன்று காட்ட வேண்டும், நாற்பத்தியோரு நிமிடம் அல்ல. மூன்று நாளில் ஒரு கடிகாரம் தானாக இவ்வளவு முந்திப் போகவும் போகாது. சிஸ்டம் பதிவைத் திறந்து பின்னோக்கிப் படித்தேன். லினக்ஸ் தனக்கு நடப்பதையெல்லாம் வரிவரியாக எழுதி வைக்கும். செவ்வாய்க்கிழமை வரிகள் வந்தன. ஜனவரி ஒன்று, ஜனவரி ஒன்று, ஜனவரி ஒன்று. அடுத்த வரியில், நேரம் 14:00:00 என மாற்றப்பட்டது. மாற்றியது நான். அதன்பிறகு சர்வர் ஒருமுறைகூட அணையவில்லை.

இன்று நாற்பத்தியோரு நிமிடம் முன்னால் என்றால், அன்றும் அதே அளவு முன்னால்தான் இருந்திருக்கும். நான் இரண்டு மணி என்று அழுத்தியபோது உண்மையில் மணி ஒன்று பத்தொன்பது. ஒன்று பத்தொன்பதுக்கு எந்த ஷிப்டும் மாறுவதில்லை.

அப்படியானால் ஊதியது அபாயச் சங்கு. அதைக் கேட்டுத்தான் நான் கடிகாரம் திருத்திக்கொண்டிருந்தேன். அந்த நேரம் என் பெண் பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டிருந்தாள்.

அடுத்த நொடியே வேறொரு பயம். பழைய டிஸ்க் தேயக்கூடாதென்று, பதிவை டிஸ்கில் எழுதாமல் நினைவகத்திலேயே வைக்கும்படி நான் அமைத்திருந்தேன். கரண்ட் போனால் பதிவும் போகும், அந்த நாற்பத்தியோரு நிமிடமும் போகும். யு.பி.எஸ். பத்து நிமிடம் தாங்கினால் அதிகம். பதிவைப் பென்டிரைவில் ஏற்றினேன், பிரிண்ட் எடுத்தேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து மீன்கார அக்காவைக் கூப்பிட்டு என் போனைத் திரைக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, இரண்டு நேரமும் ஒன்றாகத் தெரிய அவர் போனில் படம் எடுத்தேன்.

"இன்னாத்துக்கு இந்த போட்டோ? கண்ணாலத்துக்கா?" என்றார் அக்கா. விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "த்தூ! அப்ப ஊதிட்டு ஊதலன்றானுங்களா!"

பெரியவர் எழுந்து வந்தார். "பேனா குடும்மா. நானும் பாத்தேன்னு ஒரு கையெழுத்து போடறேன். அப்பறமா என் சான்றிதழ பாரு."

திங்கட்கிழமை பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். மகளும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி என் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த டைமை யாரு மேடம் வச்சது?"

"நான்தான் சார்."

"நீங்களே வச்ச டைமை நீங்களே ஆதாரம்னு காட்டுறீங்களா?"

ஹாலில் யாரோ சிரித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "தப்பா வச்சேன் சார். அந்தத் தப்புதான் ஆதாரம். சங்கு ஊதாம நான் அந்த பட்டனைத் தொடவே மாட்டேன். அந்த மிஷின் இப்பவும் அதே நாற்பத்தியோரு நிமிஷம் முன்னாலதான் ஓடுது. வீட்டுக்கு வந்து பாருங்க. ஒண்ணு பத்தொன்பதுக்கு ஊதினது எதுக்குன்னு அவரைக் கேளுங்க." ஆலையிலிருந்து வந்தவரைக் காட்டினேன்.

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னார்: "அது டெஸ்டிங்காகக்கூட இருந்திருக்கலாம் சார். அப்பப்போ சைரனை டெஸ்ட் பண்ணுவோம்."

மீன்கார அக்கா எழுந்துவிட்டார். "தோடா! ஊதவே இல்லன்னு எய்தி குட்த்த. இப்ப டெஸ்டிங்குன்ற. ஊதுச்சா ஊதலையா, ஒண்ணு சொல்லு நைனா!"

அதிகாரி ஆலை எழுதிக் கொடுத்த தாளையும் என் தாளையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, அன்று எந்தக் குழாயில் எந்த வாயு இருந்தது என்று இன்றே ஆஸ்பத்திரிக்கு எழுத்தில் கொடுக்கச் சொன்னார். மாலைக்குள் கடிதம் வந்தது. ஆறு நாளாக ஆலை வாசலில் நின்று கெஞ்சியும் கிடைக்காத ஒற்றை வார்த்தை, அந்த வாயுவின் பெயர், அதில் இருந்தது. டாக்டர் அன்றைக்கே மருந்தை மாற்றினார்.

ஆனால் ஹாலில் அத்தோடு முடியவில்லை. என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்த கிளார்க், தலை நிமிராமல் கேட்டார்: "சங்கு கேட்டதும் என்ன செஞ்சீங்க?"

மகள் என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் அவள் இதைக் கேட்டதில்லை.

"கம்ப்யூட்டர்ல ரெண்டு மணின்னு வச்சேன்."

"வெளிய வந்து பாக்கலையா?"

"இல்ல. அந்த சங்கும் ஷிப்ட் சங்கும் ஒரே சத்தம் சார். அதையும் எழுதுங்க."

"அது இங்க தேவையில்லம்மா."

"எழுதுங்க. அதை எழுதாம நான் கையெழுத்து போடமாட்டேன்."

அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையசைத்தார். இரண்டு சங்குக்கும் ஒரே சத்தம் என்று கிளார்க் எழுதி முடிக்கும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன். பக்கத்தில் மகள் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.