அத்தை ஆறவைத்த நூடுல்ஸ்

அப்பாவின் தங்கை மலேசியாவிலிருந்து திரும்பி வந்தபோது ஒரு பெட்டியும், ஒரு கரண்ட் கெட்டிலும், ஒரு பாட்டில் சோயா சாஸும் கொண்டுவந்தாள். மாமா வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அவருக்கு லீவு கிடைக்கலைட்டி" என்றாள் அம்மா. அந்த லீவு இன்றுவரைக்கும் அவருக்குக் கிடைக்கவில்லை.

திருநெல்வேலி டவுனில் எங்கள் வீடு. கீழே நாங்கள் மூன்று பேர், மாடியில் ஒரே ஓர் அறை. பழைய பேப்பரையும் உடைந்த நாற்காலியையும் வெளியே தள்ளிவிட்டு அந்த அறையை அத்தைக்குக் கொடுத்தார்கள். மத்தியானம் அதற்குள் இருந்தால் மூளை உருகிவிடும்.

அம்மாவைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியாருக்குப் பின்னால் நின்று காய் நறுக்கிக் கொடுத்தே காலத்தைக் கழித்தவள் அவள். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுப்படி அவள் கைக்கு வந்தது. அதை இன்னொருத்தியோடு பங்குபோட அவளுக்கு இஷ்டமில்லை. ஆனால் உள்ளே வராதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. அத்தை அடுப்படி வாசலில் வந்து நின்றால் போதும், "நீ போய் ஃபேனுக்குக் கீழ இரி தாயி, நான் பாத்துக்கிடுதேன். விருந்தாளியை வேலை வாங்குனா நாலு பேரு என்ன சொல்லுவா?" என்பாள். பிறந்து வளர்ந்த வீட்டிலே அத்தை மாதக்கணக்கில் விருந்தாளியாக இருந்தாள். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. சோறு போடும்போது "இன்னும் வைக்கட்டா, இன்னும் வைக்கட்டா" என்று அம்மா விடாமல் கேட்பாள். அத்தை கையால் தட்டை மறைத்துக்கொண்டு, "போதும் மதினி" என்று எழுந்துவிடுவாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் பையை எறிந்துவிட்டு நேரே மாடிக்கு ஓடுவேன். அங்கேதான் எனக்குத் திருவிழா.

கெட்டிலில் தண்ணீர் கொதித்ததும் அத்தை அதைத் தூக்குச்சட்டியில் கிடக்கும் நூடுல்ஸ் மேல் ஊற்றி மூடிவைப்பாள். கொஞ்ச நேரத்தில் வெந்நீரை வடித்துவிட்டு, பானைத் தண்ணீரை ஊற்றி ஊற்றி அலசுவாள். நூடுல்ஸ் சில்லென்று ஆகும்வரை விடமாட்டாள். பாக்கெட்டோடு வந்த மசாலாவைத் தூக்கி எறிந்துவிடுவாள். அதைப் பார்த்து முதல் நாள் நான் அலறியே விட்டேன். நசுக்கிய பூண்டு, மிளகாய்ப்பொடி, துளி புளித்தண்ணீர், ஒரு கடி கருப்பட்டி, கொஞ்சம் சோயா சாஸ், தாராளமாக நல்லெண்ணெய். மேலே வெள்ளரிக்காய்த் துருவலும் ஒன்றிரண்டாக உடைத்த வறுத்த கடலையும். அடேயப்பா, அந்தக் காரம்! மூக்கு ஒழுகும், காது அடைக்கும், ஆனாலும் கை சட்டியை விட்டு வராது.

பினாங்கில் பக்கத்து வீட்டுச் சீனத்தி ஒருத்தி கற்றுக்கொடுத்ததாம். நம்மை மாதிரியே சுத்த சைவமாம்.

"அவ எண்ணெயைப் புகையக் காய்ச்சி மிளகாப்பொடி மேல ஊத்துவாட்டி. சொய்ங்னு ஒரு சத்தம் வரும் பாரு, தெருவே மணக்கும்."

"நீங்களும் காய்ச்சி ஊத்துங்களேன் அத்தே."

"பச்சை எண்ணெயும் நல்லாத்தான் இருக்கும். பேசாம தின்னு."

அத்தை சட்டியின் அடிவரை வழித்துத் தின்பாள். கீழே இரண்டு கரண்டிச் சோற்றுக்கு மேல் வாங்காதவளுக்கு இங்கே எப்படி இப்படிப் பசிக்கிறது என்று எனக்கு அதிசயமாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை கீழே அம்மா கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். மேலே அத்தை கெட்டிலைப் போட்டாள். டப்பென்று வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. அப்பா ஃபியூஸ் போட்டார். மறுபடியும் போயிற்று. மேலே என்ன ஓடுகிறது என்று பார்க்கப் படியேறி வந்தார்.

கெட்டிலைப் பார்த்தார். ஜன்னல் திட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். எண்ணெய்க் குப்பி, மிளகாய்ப்பொடி டப்பா, புளி, அரிவாள்மணை, ஒரு சின்ன உப்பு ஜாடி. எல்லாம் துடைத்து வரிசையாக வைத்திருந்தது. எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவர்கள் பாகம் பிரிந்தால் முதலில் தனி உலை வைப்பார்கள். பத்திரம், கையெழுத்து எல்லாம் அப்புறம். ஒரு வீட்டுக்குள் இரண்டு உப்பு ஜாடி இருந்தால் வீடு இரண்டாகிவிட்டது என்று ஊர் முடிவுகட்டிவிடும்.

"தனி உலை வச்சிருக்கியாக்கும்?" என்றார் அப்பா.

"உலையெல்லாம் இல்ல அண்ணாச்சி. வெறும் சுடுதண்ணி."

அதற்குள் அம்மா பாதிப் படிவரை வந்திருந்தாள். "பொம்பளைப் பிள்ளைக்கும் பங்கு உண்டுன்னு இப்ப சட்டமே இருக்குல்லா. இனி நமக்கு என்ன இருக்கு!" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. "பங்கு வேணும்னா வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்லா?"

அத்தை சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பசிச்சுது அண்ணாச்சி" என்றாள்.

அப்பா பையப் படியிறங்கிப் போனார். எனக்குப் பயத்தில் அழுகை வந்தது. அத்தை கலந்துவைத்திருந்த பூண்டும் மிளகாய்ப்பொடியும் அன்று அப்படியே கிடந்தன.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. "இன்னைக்கு அவ சமைக்கட்டும்" என்றார் அப்பா, எல்லாவற்றையும் சரிசெய்துவிட்ட மனுஷனைப் போல. அம்மா உடனே விலகி வழிவிட்டாள். ஆனால் அடுப்படி வாசலிலேயே நின்றாள். பருப்பு எங்கே என்று அத்தை கேட்டாள், அம்மா சொன்னாள். மல்லி எங்கே என்று கேட்டாள், சொன்னாள். கடுகுக்கும் கேட்க வேண்டியிருந்தது. ஒன்றுக்குக்கூட அம்மா முகத்தைச் சுளிக்கவில்லை. குழம்பை இறக்கி வைத்ததும், அம்மா ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு கொஞ்சம் பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றி, சட்டியைத் திரும்ப அடுப்பிலேற்றி இன்னொரு கொதி விட்டாள். அத்தை சேலை முந்தியில் கையைத் துடைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா இரண்டு தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டு, பிரமாதம் என்றார்.

அந்த வாரமே அத்தை கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். பஸ் ஏற்றிவிடும்போது, "எப்ப வேணும்னாலும் வா, இது உன் வீடுதான்" என்றார் அப்பா. "சரி அண்ணாச்சி" என்றாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்று ஒப்பாரி வைத்தேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு ஏறிப் போனாள்.

பிறகு வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அத்தை எங்கே என்று கேட்டார்கள். பெரியவர்கள் வார்த்தை தேடுவதற்குள் நான் முந்திக்கொள்வேன். "அத்தைக்குச் சூடாச் சாப்பிட்டா பிடிக்காது. ஆறிப்போனதுதான் பிடிக்கும். எங்க வீட்டுல எல்லாமே சூடா இருக்கும்லா, அதான் போயிட்டா."

வந்தவர்கள் சிரிப்பார்கள். "பிள்ளை சரியாத்தான் சொல்லுதா" என்று அம்மா என் தலையைத் தடவிக்கொடுப்பாள். எனக்குப் பெருமை தாங்காது.