அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, ஃப்ளோரன்ஸ்

ராயபுரம் ஃப்ளோரன்ஸுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஓர் ஆங்கிலச் சொல் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து அவளை விடாமல் துரத்தியது. அட்ஜஸ்ட்.

அவள் வாழவந்த வீடு ஒரே ஓர் அறை. மாமனார், மாமியார், கல்யாணமாகாத கொழுந்தன். நடுவே பழைய சேலையைத் திரையாகக் கட்டி, அந்தப் பக்கம் புது ஜோடி. "கொஞ்ச நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றாள் மாமியார். மூச்சுவிடும் சத்தம்கூட திரையைத் தாண்டக் கூடாது என்று அதற்கு அர்த்தம். துறைமுகத்தில் ஃபிட்டராக இருந்த கணவன் ஜேக்கப் குடித்துவிட்டு வந்து கைநீட்டியபோதும் மாமியார் அதையே சொன்னாள். இந்த முறை அர்த்தம், அழுதால் அக்கம்பக்கத்துக்குக் கேட்கும் என்பது. ஜேக்கப் பிற்பாடு குடியை விட்டான், அடிப்பதையும் விட்டான். ஆனால் அடித்ததற்காக ஒரு நாளும் அவன் வருந்தியதில்லை. அவள்தான் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டாளே!

பிறகு தண்டையார்பேட்டை குடோனில் வேலை. கப்பலில் வந்து இறங்கும் பருப்பைச் சலித்துக் கல் பொறுக்க வேண்டும். தூசியில் இருமல் பிடித்தது. மூக்குக்கு மாஸ்க் கேட்டாள். சூப்பர்வைசர் மனோகரன் கண்ணாடி அறையை விட்டு எழுந்திருக்காமலே பதில் சொன்னான்.

"முந்தானய மூக்குல கட்டிக்கினு அட்ஜஸ்ட் பண்ணுக்கா. இன்னாமோ நீ ஒருத்திதான் இருமற மாதிரி பேசற!"

இந்தச் சொல்லை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. தமிழில் 'பொறுத்துக்கொள்' என்று ஒருவன் சொன்னால், எதை, எதுவரைக்கும் என்று திருப்பிக் கேட்கலாம். 'விட்டுக்கொடு' என்றால், நீ என்ன விட்டுக்கொடுத்தாய் என்று சட்டையைப் பிடிக்கலாம். 'வாயை மூடு' என்றால் சண்டைக்கே போகலாம். 'அடி வாங்கிக்கொண்டு இரு' என்று முகத்துக்கு நேரே சொல்ல எந்த மாமியாருக்கும் நாக்கு வராது. இத்தனையையும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் போட்டு மூடி, கூடவே ஒரு சிரிப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் நகர்ந்து உட்காரச் சொல்வதும் அதுதான், வாழ்க்கை முழுக்க நசுங்கச் சொல்வதும் அதுதான். மறுத்தால் நமக்குத்தான் கெட்ட பெயர்.

ஃப்ளோரன்ஸுக்குக் கெட்ட பெயரே இல்லை. தங்கமான பொம்பளை என்று தெருவே சொல்லும்.

அந்தத் தங்கத்தின் ஒரே மகள் மெர்லின். காலடிப்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவளுக்குத் திருவொற்றியூர் பென்னியை நிச்சயம் செய்திருந்தார்கள். கன்டெய்னர் கம்பெனியில் நல்ல வேலை, சொந்த வீடு, குடி கிடையாது. பங்குக் கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கியாயிற்று. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பதுதான் ஓலை. இரண்டு ஓலை முடிந்திருந்தது. மூன்றாவதற்கு மாப்பிள்ளை வீட்டாரும் வந்து பூசை கண்டு, பெண் வீட்டில் பிரியாணி சாப்பிடுவதாகப் பேச்சு.

அதற்கு முந்தின நாள் மத்தியானம். மெர்லின் செல்போனில் பேசிக்கொண்டிருந்தாள். எப்போதும் இடது காதில் வைத்துப் பேசுகிறவள், அன்று வலது காதுக்கு மாற்றினாள். ஃப்ளோரன்ஸ் வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள்.

"காதுல இன்னாடி?"

"ஒண்ணியும் இல்லமா."

"முடிய தூக்கு."

"விடும்மா, பேஜாரு பண்ணாத."

தாய் தானே போய் முடியை ஒதுக்கினாள். காதைச் சுற்றி வீங்கி, கன்னத்தில் விரல் தடம் கன்றிக் கிடந்தது.

"யாரு?"

மெர்லின் போனை அணைத்தாள். "பென்னிதான். அவங்க வூட்டுக்குப் போனேன்ல, பொடவ காட்ட. வேலய விடச் சொல்லுச்சு. முடியாதுன்னேன். பட்டுனு ஒரு அற வுட்டுச்சு. காதுல ங்கொய்னு சத்தம் கேட்டுக்கினே கீது."

"அவங்கம்மா?"

"ஜானட் ஆன்ட்டி அங்கதான் இருந்தாங்க. ஐஸ் எடுத்தாந்து குடுத்தாங்க. கோவக்காரப் புள்ள, அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னாங்க." மெர்லின் தலைமுடியை மறுபடி காதின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "பரவால்லமா. நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்."

ஐயோ! இத்தனை வருஷம் யார் யாரோ அந்தச் சொல்லைச் சொன்னபோது வலிக்காத நெஞ்சு, மகள் வாயில் அதைக் கேட்டதும் வெடித்தது. ஃப்ளோரன்ஸ் ஜேக்கப்பை வாசலுக்கு இழுத்து விஷயத்தைச் சொன்னாள்.

ஜேக்கப்பின் முகம் ஒரு கணம் சிவந்தது. அப்புறம் வெளுத்தது. "ரெண்டு ஓலை வாசிச்சாச்சு ஃப்ளோ. மண்டபம் பேசியாச்சு. இப்பப் போயி நிறுத்துனா பொண்ணு பேரு கெட்டுப்பூடும். கல்யாணம் ஆனா சரியாயிடுவான்."

"நீ ஆன மாதிரியா?"

ஜேக்கப் தலை குனிந்தான். "மெர்லினே ஒத்துக்கிச்சில்ல. உனக்கு இன்னா?"

அந்தக் கேள்வியில் அவள் அடங்கிப்போனாள். பழகின உடம்பு! வெங்காயத்தை உரித்து முடித்தாள், மசாலா அரைத்தாள். அரைக்க அரைக்க ஆத்திரம் அடியில் தேங்கியது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. பெண்கள் பக்கத்து பெஞ்சில் ஓரமாக மெர்லின், அவளுக்கு அடுத்து ஃப்ளோரன்ஸ். ஆண்கள் பக்கத்தில் ஜேக்கப்பும் மாப்பிள்ளை பென்னியும். பூசை முடியப்போகிற நேரத்தில், பின்னால் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மா ஜானட் பட்டுச்சேலை சரசரக்க எழுந்து வந்தாள். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து ஓலை கேட்க ஆசையாம்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு சம்மந்தி" என்று இடுப்பால் இடித்து இருவருக்கும் நடுவே அமர்ந்தாள். மெர்லினின் தலைமுடியைச் செல்லமாகத் தடவி, வீங்கின காதை நன்றாக மூடிவிட்டாள். மெர்லின் வலியில் பல்லைக் கடித்தாள். வாய் மட்டும் சிரித்தது.

அந்தச் சிரிப்பை ஃப்ளோரன்ஸுக்குத் தெரியும். அது அவளுடைய சிரிப்பு.

கோயில் உபதேசியார் ஓலையை வாசித்தார். ஜேக்கப், ஃப்ளோரன்ஸ் மகள் மெர்லின். திருவொற்றியூர் பென்னி. மூன்றாவது முறையாக. தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

தடை சொல்ல வேண்டுமென்றால் சாமியார் அறைக்குப் போய்ச் சத்தமில்லாமல் சொல்வதுதான் வழக்கம். பூசையில் யாரும் எழுந்து நின்றதில்லை.

ஃப்ளோரன்ஸ் எழுந்து நின்றாள்.

"நான் சொல்றேன் சாமி. தடை கீது."

கோயிலே திரும்பியது. பங்குத்தந்தை ஆண்ட்ரூ பதறிப்போனார். "ஃப்ளோரன்ஸ்மா, பூசை முடியட்டும். உள்ள வந்து பேசலாம்."

"உள்ள வச்சு வச்சுத்தான் சாமி என் ஆயுசே போச்சு! கல்யாணத்துக்கு முன்னாடியே இவன் எம்பொண்ண அறைஞ்சு காத செவுடாக்கிட்டான். இதோ, இவனப் பெத்தவ பக்கத்துல உக்காந்து வேடிக்க பாத்திருக்கா. இது தடையா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க!"

"ஏய், கோயில்ல நின்னுகினு இன்னா பேச்சு இது!" ஜானட் சீறினாள். "ஒரு அற. அதுக்குப் போயி ஊரக் கூட்டறியே! நீ வாங்காததா? ராயபுரத்துக்கே தெரியும்!"

"வாங்கினேன்! அதனாலதான் நிக்கிறேன்!"

ஆண்ட்ரூ சாமியார் பீடத்தைவிட்டு இறங்கி வந்தார். மெர்லின் முன்னால் நின்று, "நீ சொல்லும்மா. உண்மையா?" என்றார்.

மெர்லின் எழுந்தாள். அவள் பார்த்தது பென்னியையும் அல்ல, ஜானட்டையும் அல்ல. பெற்ற தாயைத்தான். அந்தக் கண்களில் நன்றி இல்லை. நெருப்பு இருந்தது.

"என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா நீ? இத்தினி பேரு முன்னாடி என் காதப் பத்திச் சொல்லிட்டியே! அப்பா உன்ன அடிச்சப்ப நான் அந்தத் தெரைக்குப் பின்னாடி நின்னு அழுதேன். அப்ப எந்திரிச்சு நின்னியா? அட்ஜஸ்ட் பண்றத நான் யாராண்ட கத்துக்கினேன்? உன்னாண்டதாமா!"

ஃப்ளோரன்ஸ் அசையவில்லை. சொல்லட்டும், இன்னும் சொல்லட்டும் என்று நின்றாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. ஆண்கள் பக்கத்தில் ஜேக்கப் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

மெர்லின் விரலிலிருந்து நிச்சய மோதிரத்தைத் திருகினாள். வரவில்லை. எச்சில் தொட்டுத் திருகி இழுத்தாள். தோல் உரிந்தது. மோதிரத்தை ஜானட்டின் மடியில் போட்டாள்.

"உண்மைதான் ஃபாதர். எனக்கு இந்தக் கல்யாணம் வோணாம்."

பென்னி பெஞ்சில் இருந்தவர்களைத் தள்ளிவிட்டு வெளியே போனான். ஜானட் மோதிரத்தை முந்தானையில் முடிந்தபடி, "இவளை இனிமே எவன் கட்டுவான், பாக்கறேன்" என்றாள்.

"பாரு. நல்லாப் பாரு" என்றாள் ஃப்ளோரன்ஸ். "ஆனா எம்பொண்ணு பக்கத்துல உக்காந்து பாக்காத. எந்திரி!"

ஜானட் எழுந்து போகும்வரை அவள் உட்காரவில்லை.

கோயில் வாசலில் ஃப்ளோரன்ஸ் ஆட்டோவை நிறுத்தினாள். காது ஆஸ்பத்திரிக்கு. மெர்லின் ஏறி, மூலையோரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாமேல் கோபம் தீரவில்லை. தீர வேண்டிய அவசரமும் இல்லை.

ஜேக்கப் மூச்சிரைக்க ஓடிவந்து கம்பியைப் பிடித்தான். "நானும் வரட்டா ஃப்ளோ? அப்படியே ஓரமா இடுக்கிக்கினு ஒக்காந்து..."

"வோணாம். நீ வூட்டுக்குப் போ. பிரியாணிக்கு ஆளுங்க வருவாங்க. கல்யாணம் நின்னு போச்சுன்னு வாசல்ல நின்னு நீயே சொல்லு. யாரு நிறுத்துனதுன்னு கேட்டா, எம்பேர சொல்லு. ஏன்னு கேட்டா..." அவள் கணவனை நேருக்கு நேர் பார்த்தாள். "அதுக்கும் நீயே பதில் சொல்லு. உனக்குத் தெரியும்."

ஆட்டோ கிளம்பியது.