எட்டாவது சொட்டு

அந்த லிஃப்ட் மெக்கானிக்கைக் குடியிருப்பில் எல்லோரும் ‘சொட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக் கூடத்தில் நாலடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பி, உயிருள்ள பவளங்களை வளர்த்தார். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அந்தத் தண்ணீரைச் சிறு குப்பியில் எடுத்து, சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார். எட்டாவது சொட்டில் நீலம் மஞ்சளானால் காரத்தன்மை சரி. சீட்டியடித்துக்கொண்டே சட்டையை மாட்டுவார்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் அவர் மனைவிக்கு இதில் அவ்வளவு பிடிப்பில்லை. தன் காய்ச்சலை என்றைக்காவது இப்படி அக்கறையாகப் பார்த்ததுண்டா என்று மட்டும் அவ்வப்போது கேட்பாள்.

ஒருநாள் ஆறாவது சொட்டிலேயே நிறம் மாறிவிட்டது. பவளங்கள் வளர வளர, கூடு கட்டத் தேவையான சத்தைத் தண்ணீரிலிருந்து கூடுதலாக உறிஞ்சியிருந்தன. அவர் பதறிப்போய், காரத்தன்மையை ஏற்ற நாலு நாளில் சேர்க்கவேண்டிய சமையல் சோடாவை ஒரேயடியாகக் கரைத்து ஊற்றினார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், கிளைப் பவளத்தின் நுனியெல்லாம் வெளுத்துக் கிடந்தது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. குறைந்ததைக்கூட அது தாங்கியிருக்கும், தன் அவசரத்தைத்தான் அதனால் தாங்க முடியவில்லை என்று புலம்பினார். மனைவி கேலி பேசவில்லை. தட்டை மூடிவைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அதன்பின் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கப் பழகினார். அடுத்த மாதமே லிஃப்ட் குழியில் வழுக்கிக் கால் முறிந்தது. ஒன்பது நாள் மருத்துவமனை. முதல் இரண்டு நாள் அலைச்சலில் தொட்டியை யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் மனைவியே குப்பியைக் கையிலெடுத்தாள். ஆறு சொட்டுதான் வருகிறது என்று போனில் சொன்னாள். படுத்திருந்தவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாலு ஸ்பூன் சோடாவையும் இப்போதே கரைத்து ஊற்றச் சொன்னார்.

“அதெல்லாம் ஊத்த மாட்டேன். போன தடவை என்ன ஆச்சுன்னு மறந்துபோச்சா? காலையில அரை ஸ்பூன், சாயங்காலம் அரை ஸ்பூன். நீங்க பேசாம தூங்குங்க, உங்க பிள்ளைங்களை நான் பாத்துக்கறேன்.”

“சரிம்மா,” என்றார். வேறு வழி?

பேருந்தை நிறுத்திவிட்டு வந்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல் தினமும் சொட்டு எண்ணினாள். மெல்ல ஏறி, எட்டாம் நாள் எட்டில் நின்றது. ஊன்றுகோலோடு அவர் வீடு திரும்பியபோது, வெளுத்த நுனிகளின் மேல் ஊதா நிறம் புதிதாகப் படர்ந்திருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கால் தேறிய பிறகும் அவள் குப்பியைத் திருப்பித் தரவில்லை. கண்ணாடி துடைப்பதும், ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீர் ஊற்றுவதும்தான் இப்போது அவர் வேலை. யாராவது தொட்டியைப் பற்றிக் கேட்டால், வீட்டுக்காரியைக் கேளுங்கள், நான் வெறும் எடுபிடி என்கிறார். அதைச் சொல்லும்போது முகத்தில் அவ்வளவு பெருமை.