கழுவாத அகப்பை

2024 பெப்ரவரி 12, திங்கட்கிழமை. சுபஹ் தொழுதுவிட்டு வந்து முற்றம் கூட்டினேன். தேநீர் குடித்தபடி அன்றைய பாடங்களுக்குக் குறிப்பெடுத்தேன். மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்துவிட்டு, பகல் சோற்றுக்குத் திரும்பும் வழியில் மச்சானின் தயிர்க் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தேன். மச்சான் என் மனைவியின் தம்பி.

மூன்றாவது நாளாகவும் சட்டிகளில் பால் பாலாகவே கிடந்தது. வெள்ளிக்கிழமை ஊரில் ஒரு வலீமா, கலியாண விருந்து. பலர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டில் சோறு முடிந்ததும் வைக்கும் தயிர் முழுவதும் அவன் பொறுப்பு. அன்றைக்குத் தயிர் போய்ச் சேராவிட்டால் இனி எந்தக் கலியாண வீட்டாரும் அவன் வாசலுக்கு வரமாட்டார்கள். அந்தப் பயம் முகத்தில் இருந்தது, வாயில் இல்லை.

"கண்ணூறு மச்சான், வேறொண்டுமில்ல. ஓதின தண்ணி தெளிச்சிரிக்கன்."

"பாலுக்குள்ளயும் ஊத்தினியா?"

"கொஞ்சம்."

கொழும்பிலிருந்து வந்த ஒரு வியாபாரியிடம் அவன் பாலைத் தயிராக்க, பொட்டலத்தில் அடைத்த பக்கெட் உறை வாங்கியிருந்தான். 'வைரஸ் தொடவே தொடாது' என்று அந்த வியாபாரி சொன்னதை, தானே கண்டுபிடித்தவன் போல ஒழுங்கை முழுவதும் சொல்லித் திரிந்தான். வியாபாரி சொன்னது முழுப் பொய்யுமல்ல, அரை உண்மை. அதனால்தான் அது இவ்வளவு நன்றாக விற்கிறது.

பாலை உறையவைக்கும் பற்றீரியாவுக்கும் வைரஸ் உண்டு. அந்தப் பற்றீரியா சும்மா இருப்பதில்லை. முன்பு தாக்கிய வைரஸின் மரபணுவில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு, அதே வைரஸ் மறுபடி வந்தால் அடையாளம் கண்டு, கத்தரிக்கோல் போன்ற ஒரு புரதத்தால் வெட்டிப்போடும். வியாபாரி விற்றது அப்படிப்பட்ட பற்றீரியாவை. ஆனால் சில வைரஸ்கள் உள்ளே நுழைந்தவுடன் ஒரு சின்னப் புரதத்தை உண்டாக்கும். அது போய் அந்தக் கத்தரிக்கோலில் ஒட்டி அதை வெட்டவிடாமல் செய்யும். முதலில் நுழைபவை பெரும்பாலும் செத்துப்போகும். ஆனால் சாகுமுன் சில கத்தரிக்கோல்களை இறுக்கிவிடும். அதே பற்றீரியாவுக்குள் அடுத்து வருபவற்றுக்கு வேலை சுலபம். கொஞ்சமாக வந்தால் பற்றீரியா வெல்லும், கூட்டமாக வந்தால் தோற்கும். இதைப் பக்கெட்டில் அச்சடிக்க எந்த வியாபாரிக்கும் மனம் வராது.

கூட்டம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. உறை ஊற்றும் சிரட்டை அகப்பை சுவரில் தொங்கியது. எங்கள் ஒழுங்கையில் அதைக் கழுவமாட்டார்கள். கழுவினால் பரக்கத், அதாவது இறையருள், போய்விடுமாம். இது எந்த மார்க்கக் கிதாபில் இருக்கிறது என்று பலரிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் ஒருவரும் காட்டவில்லை. ஒரு வீட்டில் தயிர் உறையாமல் போனால் அந்த அகப்பையையே கொண்டுபோய் அடுத்த வீட்டுச் சட்டியில் முக்கி உறை எடுப்பார்கள். வைரஸுக்கு இதைவிட நல்ல வாகனத்தை எந்த ஆய்வுகூடமும் செய்து கொடுக்காது. மச்சான் ஒரு படி மேலே போயிருந்தான். உறையாத பாலில் ஓரகப்பை அள்ளி, மறுநாள் பாலில் பக்கெட் உறைக்குத் துணையாக ஊற்றியிருந்தான். எதிரிக்கு நாள்தோறும் ஆள் சேர்த்துக் கொடுத்திருக்கிறான்.

"இத அவிச்சுக் கழுவு."

"பரக்கத் போயிரும் மச்சான்."

"மூணு நாளா இஞ்ச கிடக்கிறது பரக்கத்தா?"

அடுப்படியிலிருந்து அவன் மனைவி சிரித்தாள். "அவரக் கழுவினாலும் கழுவலாம் மச்சான், அந்த அகப்பையக் கழுவ ஏலா."

அவனுக்குக் கோபம் வந்தது. "நீங்க புத்தகத்திலதான் படிச்சீங்க. ஒரு சட்டி தயிராவது போட்டிரிக்கீங்களா?"

"இல்ல. நீயுந்தான் மூணு நாளாப் போடல்ல. வெள்ளிக்கிழம சஹனுக்குப் பால வெச்சிட்டு, புது ஸ்டைல் எண்டு செல்லு."

அவன் அகப்பையைக் கழற்றி, கழுவாமலே, மையித்து அடக்குபவனைப் போன்ற முகத்தோடு அடுப்பு நெருப்புக்குள் செருகினான். பால் ஊறிய பழைய சட்டிகளையும் வெளியே அடுக்கினோம். தரையைக் குளோரின் போட்டு உரசினோம். ஒழுங்கையில் யாரிடமும் உறை கேட்க முடியாது. அகப்பை போகாத வீடே இல்லை. இந்த வைரஸ் பழகியிராத பற்றீரியா வேண்டும்.

"திருக்கோவில் ஊர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டில தயிர் போடுறாங்க. காலையில போவம்."

"அங்கயும் கண்ணூறு பட்டிருந்தா?"

நான் குளோரின் வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன். அந்தக் கேள்விக்கு அவ்வளவுதான் மரியாதை.

மறுநாள் சுபஹ் தொழுததும் முதல் வேலையாக, உறை வாங்கிவர ஒரு மூடிப் பாத்திரத்தைக் கொதிநீரில் அவித்தேன். வழியில் அவன் அதைத் திறந்து விரலை விடாதபடி மூடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அவன் மடியில் கொடுத்து, தெற்கே திருக்கோவிலுக்கு வண்டியை விட்டேன்.