பிறந்த நேரம் இல்லாத முகம்

இந்த நாட்டில் லிஃப்றுக்குள் ஏறினால் ஒருவரும் மற்றவருடைய முகத்தைப் பார்ப்பதில்லை. கதவுக்கு மேலே மாறிக்கொண்டு போகிற எண்களைத்தான் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். வந்த புதிதில் நானும் அப்படிப் பார்த்துக்கொண்டு போனபோதுதான், டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டிடத்தில் பன்னிரண்டுக்குப் பிறகு பதினாலு வருவதைக் கண்டேன். பதின்மூன்று கூடாத எண்ணாம், விட்டுவிட்டார்களாம். நாங்கள் குடியிருப்பது பதினாலாம் மாடி. கீழே நின்று ஜன்னல்களை எண்ணினால் அது பதின்மூன்றுதான். இருபத்தாறு வருடமாக இருக்கிறோம், முருகன் ஒரு குறையும் வைக்கவில்லை. ராகு காலம் பார்க்கிற எங்களைப் பகிடி பண்ணுகிறவர்கள் ஒரு முழு மாடியையே ஒளித்துவைத்திருக்கிறார்களே என்று என் மனுசியிடம் சொன்னேன். "அவையளுக்கும் பயம் இருக்கும்தானே" என்று சொல்லிவிட்டு அவள் கறிக்கு உப்புப் பார்க்கப் போனாள்.

ஒருவரும் முகம் பார்க்காத இந்த ஊரில் என் முகத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்த ஒரே ஆள் மிஸிஸ் லாம். ஹோட்டல்களின் துணி வெளுக்கிற பெரிய லோண்ட்றி ஒன்றில் எனக்கு வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவனுக்கு அது நல்ல வேலைதான். மெல்லிய விரிப்புகளை மெஷினே மடித்துவிடும். தடித்த போர்வைகள் அதற்குள் சிக்கிக்கொள்ளும் என்பதால் அவற்றை இரண்டு பேர் கையால் மடிக்கவேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறி, நடந்து வந்து மூலைகளை ஒன்றாகச் சேர்த்து, திரும்பவும் விலகிப்போகவேண்டும். போர்வையின் மற்றப் பக்கத்தில் நிற்கிறவர்தான் மிஸிஸ் லாம். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர், தெற்குச் சீனாவில் ஒரு துறைமுகப் பட்டினத்தைச் சேர்ந்தவர். ஒரு நாளில் நூறு தடவைக்கு மேல் அவருடைய முகமும் என்னுடைய முகமும் ஒரு சாண் தூரத்துக்கு வந்து விலகும். கட்டின மனுசியைக்கூட நான் அத்தனை தரம் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

முதல் கிழமையே என் நெற்றியைச் சுட்டிக்காட்டி "வோஷ்" என்றார். திருநீறு வெள்ளைப் போர்வையில் உதிர்கிறதாக்கும் என்று நினைத்து அடுத்தநாள் மெல்லிசாகப் பூசிக்கொண்டு போனேன். அன்றைக்கும் "வோஷ்" என்றார். மூலையைக் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நெற்றியை அழிக்கச் சொல்வதை நான் பொறுக்கமாட்டேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

எனக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது ஆமிக்காரர் எங்கள் ஊரைச் சுற்றிவளைத்தார்கள். ஆம்பிளைகள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச்சொல்லி வரிசையாக நிறுத்தினார்கள். வரிசையின் முடிவில் ஒரு ஜீப். அதற்குள் தலையில் சாக்கு மாட்டிய ஒருவர். சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. தலையை ஆட்டி ஆளைக் காட்டிக்கொடுக்கிற அப்படிப்பட்டவரைத் தலையாட்டி என்போம். ஒவ்வொருவராகப் போய் ஜீப்புக்கு முன்னால் முகத்தைக் காட்டவேண்டும். சாக்கு அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அசைந்தால் போக ஏலாது. எனக்கு முன்னால் நின்றவர், "திருநீறு பூசின ஒருத்தன் எண்டு ஆரும் அடையாளம் சொல்லியிருந்தா என்ன செய்வாய்?" என்று முணுமுணுத்தார். நான் சாரத்தின் தலைப்பால் நெற்றியைத் துடைத்தேன். விடிய அம்மா பூசிவிட்ட திருநீறு. சாக்கு எனக்கு அசையவில்லை. எனக்குப் பின்னால் வந்த தபால்காரரின் மகனுக்கு அசைந்தது. என்னுடைய முகத்தில் எதைக் கண்டு என்னைப் போகவிட்டார்கள், அவனுடைய முகத்தில் எதைக் கண்டு அவனைப் பிடித்துவைத்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நான் வெறும் நெற்றியோடு வாசற்படி தாண்டினதில்லை.

மிஸிஸ் லாம் என் கோபத்தைக் கண்டுகொண்டார் போலும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தன்னுடைய ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினார். ஒரு மனித முகத்தை, எங்கள் சாதகக் குறிப்பில் கட்டம் போடுவதைப்போல, கோடுபோட்டுப் பிரித்து ஒவ்வொரு இடத்திலும் சீன எழுத்தில் ஏதோ எழுதியிருந்தார்கள். நெற்றி என்றால் தாய் தகப்பனும் இளமைக் காலமும். புருவம் கூடப்பிறந்தவர்கள். இரண்டு புருவத்துக்கும் நடுவிலே, நாங்கள் பொட்டு வைக்கிற அதே இடத்தில்தான், உயிர்நிலை. மூக்கு செல்வம், நாடி முதுமை. அவர்களுடைய ஊரில் கலியாணம் பேசுவதென்றாலும் கடை திறப்பதென்றாலும் இதைப் பார்ப்பார்களாம். திருநீற்றின்மேல் அவருக்கு ஒரு வெறுப்பும் இல்லை. வாசிக்கிற பக்கத்தில் சுண்ணாம்பு பூசிவைத்திருக்கிறாயே என்பதுதான் அவருடைய குறை.

எங்களிடத்திலும் எழுத்து இருக்கிறது, ஆனால் கடவுள் அதை மண்டையோட்டில் எழுதித் தோலால் மூடிவிட்டார், மனிசர் வாசிக்க ஏலாது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். இரண்டு போர்வை மடித்து முடியும்வரை யோசித்தார். பிறகு, ஒருவருமே வாசிக்க ஏலாதென்றால் அவர் யாருக்காக எழுதினார் என்று கேட்டார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதம்.

இது இப்படி இருக்க, போன ஐப்பசியில் என் மகள் அபிராமி ஒரு பெடியனை விரும்புவதாகத் தாயிடம் சொன்னாள். கஜன் என்று பெயர். லிஃப்ற் திருத்துகிற வேலை. வோபர்னில் தாயோடு இருக்கிறான். சைவப் பிள்ளை, குடிவகை இல்லை, தாயைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வருவதை நானே கண்டிருக்கிறேன். எல்லாம் சரி, குறிப்பைத் தரச்சொல்லு என்றேன். குறிப்பு இல்லை. இடம்பெயர்ந்து ஓடுகிறபோது, மழைக்குள், வழியில் பிறந்த பிள்ளை. நாள் தெரியும், நேரம் தெரியாது. தாயாரிடம் நானே ஃபோனில் விசாரித்தேன். விடியப்புறமா, நடுச்சாமமா, ஏதாவது ஒரு அடையாளம் இருந்தால் சொல்லுங்கோ என்று கேட்டேன். அந்த மனுசி சொன்னார்: "அண்ணை, பிள்ளை பிறக்கேக்க வானம் வெளிச்சமாத்தான் கிடந்தது. ஆனா அது விடிஞ்ச வெளிச்சமோ, செல் விழுந்து வெடிச்ச வெளிச்சமோ எண்டு எனக்குத் தெரியேல்லை."

சாத்திரியார் நேரம் இல்லாமல் தான் எதைப் பார்ப்பது என்று கையை விரித்துவிட்டார். கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பம் என்றாள் மனுசி. நான் தட்டிக் கழித்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். சாமி வேண்டாம் என்று பூக் கொடுத்துவிட்டால் அதற்கு மேலே போய்க் கேட்க வேறு இடம் இல்லை. அபிராமிதான் ஒருநாள் என் முன்னால் வந்து இருந்தாள். "அப்பா, டைம் தெரியாதது அவற்ற பிழையா? வோர் நடந்தது அவராலயா? திஸ் இஸ் நொட் ஃபெயர்" என்றாள். தைப்பூசத்துக்கு முதல் ஒரு முடிவு சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. முகம் பார்ப்பதற்குப் பிறந்த நேரம் தேவையில்லை. மிஸிஸ் லாம் வேண்டாம் என்று சொன்னாலும் அது வேறு சமயத்து ஆள் சொன்னது என்று தள்ளிவிடலாம். இப்படி ஒரு கணக்கு மனதுக்குள் போட்டுக்கொண்டு, மகள் எனக்கு ஃபோனில் அனுப்பியிருந்த கஜனின் படத்தை அவரிடம் காட்டினேன். மருமகன் என்பதற்கு இங்கிலீசில் சன் இன் லோ என்பார்கள், எனக்குத் தெரியும். ஆனால் இன்னும் ஒன்றும் ஆகாத பிள்ளையை அப்படிச் சொல்லலாமா என்று தயங்கினேன். தமிழில் மருமகனுக்குள்ளும் மகன் இருக்கிறான்தானே. "மை சன்" என்றேன். வரப்போகிற என்பதற்காக, "கமிங் சன்" என்றும் சேர்த்தேன்.

அவர் ஃபோனை வாங்கிப் போர்வை வண்டிலில் சாத்திவைத்தார். கிட்ட வருகிற ஒவ்வொரு தரமும் என் முகத்தைப் பார்ப்பார், விலகிப்போகும்போது படத்தைப் பார்ப்பார். மூக்கை, காதை, நாடியை. மத்தியானம்வரை இப்படியே போனது. பிறகு போர்வையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"நொட் யுவர் சன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "டோன்ற் ஆஸ்க் வைஃப்" என்றார்.

அவன் உனக்கு மகனாக வரமாட்டான், இதை வீட்டில் எடுக்காதே. நான் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன். தள்ளிவிடலாம் என்று போட்ட கணக்கெல்லாம் பஸ்ஸில் வரும்போதே பொய்த்துப்போயிற்று. பெடியனை முன்பின் தெரியாத ஒரு மனுசி கண் கலங்கிச் சொன்ன சொல்லை எப்படித் தள்ளுவது? வீட்டுக்கு வந்து, சரிவராது என்று மட்டும் சொன்னேன். ஆர் சொன்னது என்று மனுசி கேட்டாள். விசயம் தெரிந்த ஆள் என்றேன். அபிராமி சத்தம் போடவில்லை. சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "உங்களை மீறி நான் ஒண்டும் செய்யமாட்டன், அப்பா. ஆனா வேற ஒருத்தரையும் கலியாணம் செய்யமாட்டன்" என்றாள். அதற்குப் பிறகு, மருந்து எடுத்தாச்சா என்ற ஒரு கேள்வியைத் தவிர அவளுக்கும் எனக்கும் பேச்சு இல்லை.

மிஸிஸ் லாம் அந்தக் கிழமை முழுக்க எனக்குத் தோடம்பழம் கொண்டுவந்து உரித்துத் தந்தார். பாரமான போர்வை வந்தால் தானே இழுத்துக்கொண்டார். என் மகளுக்காக இப்படி உருகுகிறாரே என்று எனக்கு ஆச்சரியம். ஏழாம் நாள், ஊருலகத்தில் எத்தனையோ ஆம்பிளைகள் இப்படித்தான் இருக்கிறார்கள் என்று ஆறுதல் சொல்லத் தொடங்கினார். வேறு ஒருவருடைய பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கிறவனை வானம் கைவிடாதாம். என் காதைத் தொட்டார், படத்திலிருந்த காதைத் தொட்டார். வேறு. மூக்கு, வேறு. மனுசியோடு சண்டை பிடிக்காதே, பழசைக் கிளறாதே என்றார்.

எனக்கு விளங்குவதற்கு ஒரு முழுப் போர்வை மடிக்கிற நேரம் எடுத்தது. ஒரு கிழமையாக இந்த மனுசி என் மனுசியை எப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்! கையிலிருந்த மூலைகள் நழுவின. மோதிர விரலைப் பிடித்துக் காட்டி, "டோட்டர். மெரி" என்றேன். அவர் வாயைப் பொத்தினார். பிறகு அப்படியே போர்வைக் குவியலில் குந்தியிருந்து சிரிக்கத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னுடைய அரைகுறை இங்கிலீசுக்காக ஒரு கிழமை அழுதது என் பிள்ளை.

சிரித்து முடிந்ததும், இனிச் சரியாகப் பார்ப்போம், தா என்று கை நீட்டினார். கொடுத்தேன். படத்தைப் பெரிதாக்கினார். கஜனின் இடது புருவத்தில் ஒரு வெட்டு உண்டு. விரலை அதில் வைத்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ஏதோ சொல்லப்போகிறவர்போலத் தலையை மெல்ல நிமிர்த்தினார். அந்தத் தலை அசையுமா என்று பார்த்துக்கொண்டு நான் நின்றேன். அப்படி நான் முன்பும் ஒருமுறை நின்றிருக்கிறேன். ஆனால் இந்தமுறை வரிசையில் நின்றது நான் அல்ல. செல் வெளிச்சத்தில் பிறந்து தப்பி வந்த ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் ஜீப்புக்கு முன்னால் நிறுத்திவிட்டு, சாக்கு அசையட்டும் என்று பக்கத்தில் நிற்கிறேன்.

ஃபோனை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தேன். "இனஃப்" என்றேன். மிஸிஸ் லாம் கோபிக்கவில்லை. போர்வையின் இரண்டு மூலையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

வீட்டுக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மனுசி இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். "முப்பது வருசம் உங்களோட மாரடிச்சதுக்கு எனக்கு இந்தப் பெயரும் வரவேண்டிக் கிடந்தது" என்றாள். அபிராமி என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "அன்பிலீவபிள், அப்பா" என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டு அறைக்குள் ஓடினாள். பூ நாங்கள் கட்டிப் பார்க்கவில்லை. தைப்பூசத்தன்று கோயிலுக்குப் போய், முருகா, நீ எழுதினதை நான் இனி வாசிக்கக் கேட்கமாட்டேன் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கஜனும் தாயாரும் சம்பந்தம் பேச வந்தார்கள். மிஸிஸ் லாமையும் கூப்பிட்டிருந்தேன். ஒரு பை நிறையத் தோடம்பழத்தோடு வந்து, முதல் வேலையாக மனுசியின் இரண்டு கையையும் பிடித்து "சொறி, சொறி" என்றார். சாமியறையில் கஜன் குனிந்தான். நான் மூன்று விரலால் அள்ளி, நெற்றி முழுக்கப் பூசினேன். புருவத்து வெட்டு எப்படி வந்தது என்று அப்போது கேட்டேன். இங்கே பள்ளிக்கூடத்தில் ஐஸ் ஹொக்கி விளையாடும்போது பக் என்கிற றப்பர் வட்டுப் பட்டதாம். மிஸிஸ் லாம் அவனை எட்டிப் பார்த்தார். நெற்றியில் ஒன்றும் தெரியவில்லை. என் பக்கம் திரும்பி, "வோஷ்?" என்று மெல்லக் கேட்டார். "நோ வோஷ்" என்றேன். தலையை ஆட்டிச் சிரித்தார்.

போகும்போது அவர்களைக் கீழே விட நானும் லிஃப்றில் ஏறினேன். வழக்கம்போல எல்லோரும் எண்களைப் பார்த்தோம். பதினாலு, பன்னிரண்டு என்று இறங்கியது. கஜன் அதைப் பார்த்துவிட்டு, "வெளியாலதான் பதினாலு எண்டு போட்டிருக்கு. மேல மெஷின் ரூமில உங்கட மாடி பதின்மூண்டு எண்டுதான் எழுதிக்கிடக்கும், மாமா" என்றான். மாமா என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னான். நான் எண்ணை விட்டுவிட்டு அவனுடைய முகத்தைப் பார்த்தேன். புருவத்துக்கு மேலே திருநீறு காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது. அதற்குக் கீழே, இந்த ஊர்ப் பனிக்கட்டி போட்ட வெட்டு.